மலையைக் குன்றாக்கும் கண்ணாடி

கோடை விடுமுறை முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பியதும் நமது மேஜைமீது இருவிதமான கடிதங்கள் வந்து குவிகின்றன. ஒரு வகையில், மலைப் பிரதேசங்களில் எடுத்த புகைப்படங்கள் அடங்கியிருக்கும். மற்றொரு வகையில், அடுத்த பிரயாணத்துக்கு முன்னால் என்ன லென்ஸ் வாங்கலாம் என்று ஆலோசனை கேட்கப்பட்டிருக்கும். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோமானால் ஓர் உண்மை புலப்படுகிறது. நேயர்கள் தங்கள் நோய்க்கு மருந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் மருந்தேதான் நோய்க்குக் காரணமாயிருக்கிறது!

குடும்பத்துடன் டார்ஜிலிங் போய் வந்த ஒரு நேயரின் விஷயத்தைப் பாருங்கள். விடிவதற்கு வெகு நேரம் முன்பே குழந்தை குட்டிகளை எழுப்பி, கம்பளி போர்த்தி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு டைகர் ஹில் உச்சிக்குப் போயிருக்கிறார். கஞ்சன்ஜங்காவின் பனிச் சிகரங்கள் முதலில் ரோஜா நிறமாகவும் பிறகு பொன்னிறமாகவும் மாறியதைக் கண்டு மெய்ம்மறந்து நின்றிருக்கிறார். கண்ட காட்சி அவ்வளவையும் படத்தில் அடக்கிவிட வேண்டுமென்ற ஆவலினால், கைப்பேசியில் உள்ள லென்ஸுகளுக்குள் மிகவும் அகலமானதைத் தேர்ந்தெடுத்து எடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால், படத்தில் முக்கால் பங்கு ஆகாயம். அடியில் ஒரே இருட்டு. நடுவே வேஷ்டிக் கரையைப்போல் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோடுதான் உலகத்தின் மூன்றாவது பெரிய சிகரம்! நல்ல காமிராவும் 16 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸும் வாங்கிக்கொண்டு மறுபடியும் போனால் மலை கம்பீரமாக விழுமா என்பது அவருடைய கேள்வி. நடுத்தரக் குடும்பம் ஒன்றின் மாத வருமானத்தை ஒரே கவளமாக விழுங்கிவிடக் கூடிய சாமான் அது. ஆகையால் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பதில் சொல்லுவது உசிதம்.

கஞ்சன்ஜங்காவின் உயரம் 8,586 மீட்டர். டார்ஜிலிங் நகரம் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 74 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தில் நிற்பதால், வானளாவிய அந்தச் சிகரம் நம் கண்மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 5 டிகிரிதான் எழும்பி நிற்கிறது. 5 டிகிரி என்றால் எவ்வளவு? கையை முழுவதும் நீட்டி, நடுவிலுள்ள மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அவற்றின் அகலம் எவ்வளவோ அவ்வளவு.

இனி, லென்ஸுகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் மில்லிமீட்டர் எண்ணைக் கவனிப்போம். அதற்குக் குவியத் தூரம் என்று பெயர். அந்த எண் பெரிதானால் தூரத்துப் பொருள் பெரிதாக விழும். சிறிதானால் சிறிதாக விழும். இதில் சலுகை ஒன்றும் கிடையாது. ஃபுல் பிரேம் என்று சொல்லப்படும் காமிராவில் பிம்பம் விழும் தகடு 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. அதில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பூட்டினால் கஞ்சன்ஜங்கா சுமார் 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு விழும். படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. 24 மில்லிமீட்டர் லென்ஸில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நேயர் வாங்க நினைக்கும் 16 மில்லிமீட்டர் லென்ஸிலோ பதினெட்டில் ஒரு பங்கு! அதே இடத்தில் நின்று 200 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால் சிகரம் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு எழும்பிவிடும். எனவே, அந்த நேயருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: அகலக்கோண லென்ஸை இப்போதைக்கு வாங்காதீர்கள். 70 முதல் 200 வரை போகும் லென்ஸ் ஒன்றை நாலைந்து தினங்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை போன்ற பட்டணங்களில் இந்த வசதி உண்டு. முடியுமானால் கோடையில் போவதைவிட அக்டோபர், நவம்பரில் போங்கள். மழை ஓய்ந்து ஆகாயம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் காலம் அது.

அப்படியானால் நேரில் பார்த்தபோது மலை அவ்வளவு பிரம்மாண்டமாகத் தோன்றியது பொய்யா? பொய்யல்ல. கண்ணுக்குப் பின்னால் மனம் என்று ஒன்று இருந்து வேலை செய்கிறது. ஆகாயத்தையும் இருட்டையும் தள்ளிவிட்டுச் சிகரத்தை மட்டும் அது பற்றிக்கொள்கிறது. காமிராவுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. கொடுத்த கோணத்துக்குள் என்னென்ன இருக்கிறதோ, அத்தனையையும் ஒரே தராசில் நிறுத்து வைத்துவிடுகிறது.

இந்த விஷயம் இன்னும் தெளிவாக விளங்க வேண்டுமானால், வீட்டு ஜன்னலண்டை போய் நில்லுங்கள். மூக்கு கம்பியில் படும்படி நெருங்கி நின்றால் தெரு முழுவதும் தெரிகிறது. பத்தடி பின்வாங்கினால் எதிர்வீட்டுத் திண்ணை மட்டுமே தெரிகிறது. ஆனால் ஜன்னல் சட்டத்துக்குள் அது பெரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஜன்னல் சட்டந்தான் படத்தின் சட்டம். ஜன்னலுக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரந்தான் குவியத் தூரம். அகலக்கோண லென்ஸ் என்பது ஜன்னலோடு ஒட்டி நிற்கும் கண்ணைத் தவிர வேறில்லை. ஒரே இடத்தில் நின்று அகல லென்ஸில் ஒரு படமும் நீள லென்ஸில் ஒரு படமும் எடுத்து, முதற்படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் இரண்டாவது படந்தான் கிடைக்கும். பாறைக்கும் மலைக்கும் உள்ள விகிதாசாரத்தை லென்ஸ் மாற்றுவதில்லை. நாம் நிற்கும் இடந்தான் மாற்றுகிறது.

இயற்கைக் காட்சி என்றாலே அகலமான லென்ஸ் என்ற எண்ணம் எப்படித்தான் பரவியதோ தெரியவில்லை! இயற்கைக் காட்சிப் படங்களுக்கென்றே உலகப் பிரசித்தி பெற்ற அமெரிக்கர் ஆன்ஸல் ஆடம்ஸ், 1941-ம் வருஷத்தில் நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே சந்திரன் எழும்பியிருப்பதைப் படம் எடுத்தார். அவரிடம் இருந்தது 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் ஃபிலிம் போடும் பெரிய காமிரா. அந்த அளவுக்குச் சாதாரண லென்ஸ் சுமார் 12 அங்குலக் குவியத் தூரம் உள்ளது. அவர் உபயோகித்ததோ 23 அங்குலம்! அதாவது சாதாரணத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். கல்லறைச் சிலுவைகளும், சிறு மாதாகோவிலும், பின்னால் பனிமலையும், மேலே சந்திரனும் ஒன்றையொன்று விழுங்காமல் அதனதன் ஸ்தானத்தில் நிற்கின்றன. அகல லென்ஸில் எடுத்திருந்தால் அந்தச் சந்திரன் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் போயிருக்கும்.

இவ்வளவு தூரம் சொன்னதனால், அகலக்கோண லென்ஸே வேண்டாம் என்று நாம் சொல்லுவதாக எண்ணிவிடக் கூடாது. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அதற்கு ஈடு வேறெதுவும் இல்லை. தூரத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் அடைப்பதற்காக ஏற்பட்டதல்ல அது. ஏதேனும் ஒன்றன் அருகில் போய், அதைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் உலகம் விரிந்து கிடப்பதைக் காட்டுவதற்காக ஏற்பட்டது. தஞ்சை ஜில்லாவில் நடவு முடிந்த வயலுக்குப் போய், வரப்பின்மீது குந்தி உட்காருங்கள். இரண்டடி தூரத்தில் நாற்றின் குருத்து. அதைச் சுற்றித் தேங்கிய நீரில் மேகங்களின் நிழல். வரப்பு வளைந்து வளைந்து போய்த் தூரத்துத் தென்னந்தோப்பில் மறைகிறது. அதற்கு மேலே, வடகிழக்குப் பருவ மழையைத் தாங்கிய கருமேகங்கள். இங்கே 50 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? நாற்றை எடுத்தால் மேகம் போயிற்று. மேகத்தை எடுத்தால் நாற்று போயிற்று. 24 மில்லிமீட்டர் லென்ஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறது. ஹம்பியின் பாறைகள், ஒகேனக்கல்லில் நீர் அரித்த கல்தளம், தனுஷ்கோடியில் 1964-ம் வருஷத்துப் புயல் விட்டுச் சென்ற மாதாகோவிலின் இடிந்த சுவர்கள் இவையெல்லாம் நெருங்கிப் போய் எடுக்க வேண்டியவை.

ஆகவே, இந்த லென்ஸை வாங்க நினைப்பவர் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: நம் படத்தில் இரண்டு மூன்று அடி தூரத்தில் என்ன இருக்கப் போகிறது? இதற்குப் பதில் இல்லையென்றால் படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாகத்தான் இருக்கும். வெறும் தரையைப் படம் எடுப்பதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

பதில் இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு அகலம் வாங்குவது? ஃபுல் பிரேம் காமிராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் பக்கவாட்டில் 54 டிகிரியைப் பார்க்கிறது. 28 மில்லிமீட்டர் 65 டிகிரி. 24 மில்லிமீட்டர் 74. 20 மில்லிமீட்டர் 84. 16 மில்லிமீட்டர் 97. 14 மில்லிமீட்டர் 104. கீழே போகப் போக ஒவ்வொரு மில்லிமீட்டரும் அதிகமாகப் பேசுகிறது என்பதைக் கவனியுங்கள். 50-க்கும் 48-க்கும் வித்தியாசம் தெரியாது. 16-க்கும் 14-க்கும் நன்றாகத் தெரியும். நமது அபிப்பிராயத்தில் முதன்முதலாக வாங்குகிறவருக்கு 24 போதும். பழகின கைக்கு 20 வரை போகலாம். 14-ஐ ஆளுகிறவர்கள் வெகு சிலர். மற்றவர்களை அது ஆளுகிறது.

சிறிய தகடுள்ள காமிரா வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏ.பி.எஸ்.-சி. எனப்படும் காமிராக்களில் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கானன் கம்பெனியின் காமிராவாயிருந்தால் 1.6-ஆல். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையானால் இரண்டால். ஆகையால் 24-ன் பார்வை வேண்டுமென்கிறவர் ஏ.பி.எஸ்.-சி.யில் 16 வாங்க வேண்டும். காமிராவோடு சேர்த்தே விற்கப்படும் 18-55 லென்ஸ், 18-ல் வைத்தால் ஏறக்குறைய 27 ஆகிறது. அநேகம் பேர் அகலக்கோண லென்ஸ் வேண்டுமென்று ஏங்கிக்கொண்டிருக்கையில், அது அவர்கள் பெட்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறது! கைப்பேசியின் பிரதான லென்ஸும் பெரும்பாலும் 24-க்கும் 28-க்கும் நடுவே உள்ள பார்வைதான். செலவில்லாத பரீட்சை ஒன்று உண்டு. ஒரு மாத காலம் இந்த ஒரே பார்வையில், நெருங்கி நெருங்கிப் போய்ப் படம் எடுத்துப் பாருங்கள். பின்னால் நகர இடமில்லாமல் தவித்த சந்தர்ப்பங்கள் எத்தனை, எடுத்த பிறகு ஓரங்களை வெட்டித் தள்ளின சந்தர்ப்பங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். முதலாவது அதிகமாயிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

வாங்கினவர்கள் எதிர்பார்க்க வேண்டிய சங்கடங்கள் சில. லென்ஸ் அகலமாக ஆக ஓரத்திலுள்ள உருவங்கள் இழுபடும். 16 மில்லிமீட்டர் படத்தின் பக்க ஓரத்தில் ஒரு மனிதரை நிறுத்தினால் அவருடைய தலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாகிவிடும். இயற்கைக் காட்சியோடு குடும்பத்தையும் சேர்த்து எடுக்கிறவர்கள் ஜாக்கிரதை! மாமியாரை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். படம் நன்றாயிருந்தாலும் குடும்பம் நன்றாயிராது. காமிராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் இருபுறமும் உள்ள பனைமரங்கள் ஒன்றையொன்று முத்தமிடுவதுபோல் உள்நோக்கிச் சாயும். மட்டமாகப் பிடித்தால் நேராக நிற்கும். கன்னியாகுமரியில் கடல் விளிம்பைப் படத்தின் மேற்பாகத்திலோ அடிப்பாகத்திலோ வைத்தால் சில லென்ஸுகளில் அது வில்போல் வளையும். இதைப் பின்னால் கம்ப்யூட்டரில் நிமிர்த்திவிடலாம். ஆகாயத்தின் நீலத்தை ஆழமாக்கப் போலரைஸர் கண்ணாடி மாட்டும் வழக்கம் உண்டல்லவா? சூரியனுக்குச் செங்கோணத்திலுள்ள ஆகாயப் பகுதியில்தான் அதன் சக்தி அதிகம். அகல லென்ஸ் ஆகாயத்தில் பெரும் பகுதியைப் பார்ப்பதால் ஓரிடம் கருநீலமாகவும் மற்றோரிடம் வெளிறியும் போய், ஒட்டுப்போட்ட துணியாகிவிடும்.

ஓரங்கள் இருட்டடிப்பது மற்றொரு சங்கடம். இது மிகப் பழையது. 1900-ம் வருஷத்தில் ஜெர்மனியின் கோயர்ஸ் கம்பெனி ஹைபர்கான் என்ற லென்ஸை வெளியிட்டது. அரைக் கோளம்போல் வளைந்த இரண்டே இரண்டு கண்ணாடிகள். ஏறக்குறைய 135 டிகிரி பார்வை. ஆனால் நடுவில் விழுந்த வெளிச்சத்தில் மிகச் சிறு பகுதிதான் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதற்கு அவர்கள் கண்டுபிடித்த பரிகாரம் வேடிக்கையானது. லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவமான ஒரு சிறு காற்றாடியைப் பொருத்தினார்கள். படம் எடுப்பவர் ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றை ஊதினால் அது சுழன்று நடுவிலுள்ள வெளிச்சத்தை மட்டும் மறைக்கும். பிறகு காற்றாடியை விலக்கிவிட்டு மிச்ச நேரத்துக்கு ஒளியை விட வேண்டும். இன்று அந்தக் காற்றாடியின் வேலையைக் காமிராவுக்குள்ளிருக்கும் கணக்குப் பொறி செய்துவிடுகிறது.

எவ்வளவு அகலமான லென்ஸும் போதாத காட்சிகள் உண்டு. அவற்றைப் பல படங்களாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். இதுவும் புது விஷயம் அல்ல. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை ராஜதானி சர்க்காரின் புகைப்படக்காரராக இருந்தவர், 1858-ம் வருஷத்தில் தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுக்களைப் படம் எடுத்தார். சுவரையொட்டி நகர்ந்து நகர்ந்து, மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நாற்பது டிகிரி வெயிலில், கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டே நாம் அலுத்துக்கொள்ளும்போது அந்த மனிதரை நினைத்துக்கொள்ளலாம். மலைத்தொடரை எடுக்கிறவர் நகர வேண்டியதுகூட இல்லை. நின்ற இடத்திலேயே காமிராவைச் செங்குத்தாகப் பிடித்து, 50 அல்லது 85 மில்லிமீட்டர் லென்ஸில், ஒவ்வொரு படமும் முந்தினதன்மீது மூன்றில் ஒரு பங்கு படியும்படி ஏழெட்டு எடுத்தால், கம்ப்யூட்டர் அவற்றைத் தைத்துக் கொடுத்துவிடும். மலையும் பெரிதாக இருக்கும்; அகலமும் கிடைக்கும்; புது லென்ஸும் வேண்டாம். ஓடுகிற அலைகளும் ஆடுகிற கிளைகளும் மட்டும் இந்த வித்தைக்கு இணங்க மாட்டா.

கடைக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டவர்களுக்கு இரண்டொரு விஷயங்கள். எஃப் 2.8 என்ற பெரிய துவாரமுள்ள லென்ஸைக் கடைக்காரர் ஆசையாக எடுத்து நீட்டுவார். இரவு நட்சத்திரங்களை எடுப்பவருக்கு அது வேண்டும். பகலில், டிரைபாட்மீது காமிராவை வைத்து, துவாரத்தை எஃப் 8 அல்லது 11-க்குக் குறைத்து எடுக்கிறவருக்கு அந்தப் பெருந்துவாரம் தோள்வலியைத் தவிர வேறொன்றும் தராது. எஃப் 4 லென்ஸ் விலையிலும் கனத்திலும் குறைவு. 24 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 11 வைத்து, ஃபுல் பிரேமில் ஒன்றே முக்கால் மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்தால், சுமார் 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரையில் எல்லாம் தெளிவாக விழும். எஃப் 22 வரை குறைத்தால் இன்னும் தெளிவு வருமென்று நினைக்க வேண்டாம். சிறு துவாரத்தின் விளிம்பில் ஒளி சிதறிப் படம் முழுவதும் மழுங்கிவிடும்.

முன் கண்ணாடி முட்டையைப்போல் வெளியே புடைத்திருக்கும் லென்ஸாயிருந்தால் சாதாரணத் திருகு வடிகட்டிகளை அதில் மாட்ட முடியாது. அதற்கென்று தனிச் சட்டம் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு லென்ஸைக் காமிராவில் பூட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வாருங்கள். தெருவின் கோடியிலுள்ள ஒரு பெயர்ப் பலகையைப் படத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு தடவை வைத்து நான்கு படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவில் சற்று மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் ஜாதி. மூன்று தெளிவாகவும் ஒன்று மட்டும் மங்கலாகவும் இருந்தால் உள்ளே கண்ணாடி ஒன்று நேராக உட்காரவில்லை என்று அர்த்தம். அதே ரகத்தில் வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இந்தப் பரீட்சையைப் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.